தன் சதை எது?

"தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பழமொழி. பாகப் பிரிவினையில் மனம் கசந்து, பத்து ஆண்டுகள் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன், தம்பி நோயுற்றுப் படுத்துவிட்டான் என்று கேட்டவுடன் ஓடோடிச் சென்று தலைமாட்டில் நிற்கிறான். ஊரார் இப்பழமொழியைச் சொல்லிப் பெருமூச்சு விடுகின்றனர். இரத்தம் இரத்தத்தை அறியும் என்பது நம் நம்பிக்கை. நிக்காஹ் பேசும்போதும், பங்கு பிரிக்கும்போதும், தெருச் சண்டையில் பக்கம் சேரும்போதும் இந்த நம்பிக்கையே நம்மை நடத்திச் செல்கிறது.

ஆனால், தன் சதை எது? இக்கேள்வியை மனிதனிடம் கேளாமல் அவன் உடம்பிடமே கேட்டால் அது என்ன விடை கூறும்? வீடு, குலம், இனம், நாடு என்று நாம் வகுத்து வைத்திருக்கும் எல்லைகளை உடம்பும் ஒப்புக் கொள்கிறதா?

மருத்துவ இயல் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அவ்விடையைப் பால்கன் மலைநாட்டு அல்பேனியரை முன்வைத்து ஆராய்வது பொருத்தமாகும். குல இரத்தத்தை உயிரினும் மேலாகப் போற்றியவர்கள் அவர்கள். அந்த இரத்தத்திற்கும் மேலான ஒன்று உண்டு என்று வாழ்ந்து காட்டியவர்களும் அவர்களே.

உடம்பின் காவல்

நம் உடம்பில் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் தம் மேற்புறத்தில் ஓர் அடையாளக் குறியை ஏந்தி நிற்கின்றன. அறிவியலார் இதனை எச்.எல்.ஏ. என்று சுருங்கக் குறிக்கின்றனர். ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில் நெருங்கி அமைந்திருக்கும் ஒரு மரபணுக் கூட்டமே இக்குறிகளை வார்த்துத் தருகிறது. ஏ, பி, சி என்றும், டி.ஆர்., டி.கியூ., டி.பி. என்றும் அவற்றுக்குப் பெயர்கள் உண்டு.

இக்குறியின் பணி யாது? விருந்தில் பண்டத்தைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவது போல், உயிரணு தன்னுள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை இக்குறியின் மேல் வைத்து வெளியே நீட்டுகிறது. காவல் புரியும் வெள்ளையணுக்கள் வந்து பார்த்துச் செல்கின்றன. துணுக்கு தன் உடம்பைச் சேர்ந்ததாயின் பேசாமல் போய்விடுகின்றன; நோய்க் கிருமியினுடையதாயின் அந்த அணுவையே அழித்துவிடுகின்றன. தாம்பாளமும் தனதாக இருக்க வேண்டும், பண்டமும் அயலதாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் காவலர் வாள் எடுப்பர். இவ்வுண்மையை 1970களில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் கண்டறிந்த டோஹர்ட்டி, ஸிங்கர்நாகல் இருவருக்கும் 1996-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மற்றொருவர் சிறுநீரகத்தையோ எலும்பு மஜ்ஜையையோ பெறும்போது இக்குறிகளே ஏற்பதா தள்ளுவதா என்று பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இங்கேதான் நம் பழமொழி முதல் சோதனையைச் சந்திக்கிறது.

தந்தையிடம் இரண்டு குறித் தொகுதிகள், தாயிடம் இரண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றும் பெறுகிறது. எனவே ஒரு வயிற்றில் பிறந்த இருவர் இக்குறிகளில் முழுவதும் ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பாதி ஒத்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. சிறிதும் ஒவ்வாதிருக்கும் வாய்ப்பும் நான்கில் ஒன்று! இரத்தப் புற்றுநோயால் வாடும் சிறுவனுக்கு மஜ்ஜை தர உடன்பிறந்தார் அனைவரும் வரிசையில் நிற்கின்றனர்; ஒருவர் குறியும் பொருந்தவில்லை. எங்கோ ஒரு நாட்டில், பெயரும் அறியாத ஒருவரின் குறி பொருந்துகிறது. மருத்துவமனைகளில் இது புதுமையான நிகழ்ச்சி அன்று. சதை ஆடியது, ஆனால் சதை பொருந்தவில்லை.

தாயின் கருவறையில்

இக்குறிகள் கண்டறியப்பட்ட வரலாறே சிந்திக்கத் தக்கது. 1958-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே, பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் குருதியில், அயலாரின் வெள்ளையணுக்களை எதிர்க்கும் பொருள்கள் இருப்பதைக் கண்டு முதல் குறியை இனங்காட்டினார். 1980-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதே 1958-ல் ஹாலந்தில் வான் ரூட் என்பவரும் அமெரிக்காவில் ரோஸ் பெய்ன் அம்மையாரும் இத்தகைய எதிர்ப்பொருள்களை வேறோர் இடத்தில் கண்டனர். பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரின் குருதியே அந்த இடம்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் குறிகளில் பாதி தந்தையுடையவை. தாயின் உடம்புக்கு அவை அயலவை. அவள் உடம்பு அதை அறிந்தும் இருக்கிறது. குருதியில் அதன் சான்று இருக்கிறது. எனினும் அந்த அயலவனைத் தள்ளாமல், பத்து மாதம் தன் உதிரத்தையே ஊட்டி வளர்க்கிறது. இது எங்ஙனம் இயலுகிறது என்ற கேள்வியைப் பீட்டர் மெதவார் 1953-லேயே எழுப்பினார். கருவும் தாயும் கூடும் இடத்தில் காவலணுக்கள் அடக்கம் பூண்டு, அயலதைத் தாங்கிக் கொள்ளும் ஒரு தனி ஏற்பாடு அமைகிறது என்று இன்று ஓரளவு தெரிந்திருக்கிறது.

கருவறைக்கு அரபு மொழியில் 'ரஹிம்' என்று பெயர். அருள் என்னும் பொருள்படும் 'ரஹ்மத்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. வேற்றாள் என்று தெரிந்தும் இடம் கொடுப்பதே அருள் போலும். நாம் ஒவ்வொருவரும் அவ்வாறு இடம் பெற்று வந்தவர்களே.

இரத்த மரமும் பால் மரமும்

இனி அல்பேனியருக்கு வருவோம். அட்ரியாட்டிக் கடலோரத்து மலைநாடு அவர்களுடையது. அல்பேனியாவில் மட்டுமன்றி கொசோவோவிலும் வட மக்கதோனியாவிலும் அவர்கள் பெருந்தொகையினர். கல்கத்தாவில் தொண்டாற்றிய அன்னை தெரசாவும் 1910-ல் ஸ்கோப்யே நகரில் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவரே. அவர்களிடையே முஸ்லிம்கள் மிகுதி. ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களும் கணிசமாக உள்ளனர். அவர்களுடைய மொழி இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் கூடப் பிறந்த கிளையின்றித் தனித்து நிற்பது.

வடக்கு மலைகளில் 'கானூன்' என்ற வழக்காற்றுச் சட்டம் பல நூற்றாண்டுகள் வாய்மொழியாக ஆட்சி செலுத்தியது. லெக் துகாஜினி என்ற பிரபுவின் பெயரால் வழங்கும் அதனை ஷ்டெபென் ஜெச்சோவி என்ற கத்தோலிக்கத் துறவி தொகுத்தார். அவர் 1929-ல் கொல்லப்பட்ட பின், 1933-ல் அது நூலாக வெளிவந்தது. அச்சட்டம் உறவை இரண்டு மரங்களாகப் பிரிக்கிறது. தந்தை வழி இரத்த மரம். தாய் வழி பால் மரம். குலம், பெயர், உரிமை, பழிவாங்கும் கடமை யாவும் இரத்த மரத்துக்கே உரியன. மனைவியைப் பிள்ளை சுமக்கும் தோற்பையாகவே அச்சட்டம் கண்டது. ஒருவன் கொல்லப்பட்டால், கொன்றவன் குலத்து ஆணின் இரத்தத்தால்தான் கடன் தீரும். இப்பழிக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேறாமல் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்த ஆண்கள் அங்கு உண்டு.

நமக்கு இது முற்றும் அயலான சிந்தனை என்று சொல்வதற்கில்லை. பாலூட்டியவளைத் தாயின் இடத்தில் வைத்து, அவள் மக்களோடு மண உறவையே விலக்கிய மார்க்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். எனினும், "எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால் தந்தையின் வீட்டைச் சொல்லித்தானே பழகியிருக்கிறோம்!

இரத்த மரத்தைப் பற்றி உடம்பின் கணக்கு என்ன? மேலே கண்டவாறு, குறிகளில் பாதி தாயுடையவை. அல்பேனிய மலைநாட்டுக் குலங்கள் தந்தை வழியில் எத்தனை தலைமுறை கடந்தாலும் தமக்குள் மணம் செய்வதில்லை. எனவே தலைமுறைதோறும் வேறு குலத்துப் பெண்ணே வீட்டுக்கு வந்தாள்; வந்த ஒவ்வொருத்தியும் பாதிக் குறிகளை மாற்றினாள். பதினான்கு தலைமுறை முன்னோரின் பெயரை ஒப்பிக்கும் மலைநாட்டு வீரனின் உடம்பில், முதல் பாட்டனின் எச்.எல்.ஏ. குறி ஒன்றேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. பெயர் நிலைத்தது, குறி கலைந்தது. சட்டம் கணக்கில் சேர்க்காத பால் மரமே காவல் அரணைப் புதுப்பித்துக் கொண்டிருந்தது.

சலோனிக்காவில் அளந்த இரத்தம்

இரத்தத்தைக் கொண்டு இனங்களைப் பிரித்தறியலாம் என்ற எண்ணமும் பால்கன் மண்ணிலேயே பெரிய அளவில் முளைவிட்டது. முதல் உலகப் போரின் இறுதியில் சலோனிக்கா நகரில் பல நாட்டுப் படைகள் கூடியிருந்தன. செர்பியப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய போலந்து நாட்டவர் லுட்விக் ஹிர்ஸ்பெல்டும் அவர் மனைவி ஹன்னாவும் 16 மக்களினங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 8,000 பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், செர்பியர், கிரேக்கர், பல்கேரியர், அரபியர், துருக்கியர், மடகாஸ்கர் தீவினர் எனப் பலரோடு, அங்கே போரிடச் சென்ற இந்தியச் சிப்பாய்களும் அவர்களுள் இருந்தனர். ஏ, பி என்ற இரத்த வகைகள் எல்லா இனத்திலும் உண்டு. ஆனால் விகிதம் மாறுகிறது. பி வகை இந்தியரிடம் மிகுதி என்ற முடிவை 1919-ல் வெளியிட்டனர்.

நேர்மையான ஆய்வுதான். ஆனால் பின்வந்தோர் அதனை என்ன செய்தனர்? விகிதத்தில் கண்ட வேறுபாட்டை உயர்வு தாழ்வாகத் திரித்தனர். இரத்த வகையைக் கொண்டு தூய இனத்தை நிறுவ முயன்றோர் ஜெர்மனியில் தோன்றினர். அந்த வெறி அரசேறி, 1941-ல் ஹிர்ஸ்பெல்டையே வார்சா நகரின் யூதச் சேரிக்குள் தள்ளியது. அவர் கத்தோலிக்கராக மாறியிருந்தவர். பிறப்பு யூதர் என்பதே குற்றம். அச்சேரிக்குள்ளும் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். 1943-ல் தப்பினார், ஒரே மகளை இழந்தார். இரத்தத்தை அளக்கக் கற்பித்தவருக்கு, இரத்தத்தின் பேரால் வழங்கப்பட்ட கூலி இது!

அண்டை வீட்டார்

இந்த எச்சரிக்கையை மனத்தில் இருத்திக் கொண்டு இன்றைய ஆய்வைப் பார்ப்போம். டிரானா நகர மருத்துவ அறிஞர்கள், ஜெனீவா அறிஞர்களோடு இணைந்து, அல்பேனியரின் எச்.எல்.ஏ. குறிகளை ஆராய்ந்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஐரோப்பாவெங்கும் மிகுதியாகக் காணப்படும் ஏ2 என்ற குறி அல்பேனியரிடமும் மிகுதி. பால்கன் நாடுகளிலும் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியிலும் பரவியுள்ள டி.ஆர்.11 அவர்களிடமும் பரவியிருக்கிறது. மொத்தத்தில் அவர்கள் மிக நெருங்கி நிற்பது யாரோடு? கிரேக்கர், மக்கதோனியர், பல்கேரியர் முதலிய அண்டை வீட்டாரோடுதான்!

மொழியால் தனி மரம். உடற்குறியால் தோப்பில் ஒரு மரம். 1912, 1913-ஆம் ஆண்டுகளின் பால்கன் போர்களிலும் அதற்குப் பின்னும், "உன் இரத்தம் வேறு, என் இரத்தம் வேறு" என்று கூறியே இம்மக்கள் ஒருவரையொருவர் விரட்டினர். 1999-ல் கொசோவோவிலிருந்து இலட்சக்கணக்கான அல்பேனியர் வீடிழந்து எல்லை கடந்தனர். எந்த எல்லைக்காக இத்தனை இரத்தம் சிந்தப்பட்டதோ அந்த எல்லை இரத்தத்தில் வரையப்பட்டிருக்கவில்லை.

ஓர் இனத்துக்குள்ளேயே இருவருக்கிடையே காணும் வேறுபாடு, இனத்துக்கும் இனத்துக்கும் இடையே காணும் வேறுபாட்டை விடப் பெரிது. மனித வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று 1972-ல் ரிச்சர்ட் லெவொன்டின் கணக்கிட்டுக் காட்டினார்.

வேற்றுமை வீணா?

"அப்படியானால் இன வேற்றுமை என்பதே வெறும் பொய்தானோ?" என்று வாசகர் கேட்கலாம். அன்று. அவ்வாறு சொல்வதும் உண்மைக்கு மாறே. இக்குறிகளின் விகிதம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அம்மாற்றத்தை அறிவது உயிர் காக்கும் செயல். மஜ்ஜை தேடும் அல்பேனிய நோயாளிக்கு அல்பேனியரிடமும் பால்கன் அண்டையரிடமும் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதுபோலவே இந்திய நோயாளிக்கு இந்தியரிடம் வாய்ப்பு அதிகம். டிரானாவில் குறிகளைக் கணக்கெடுப்பதன் தலையாய பயன்களுள் ஒன்று இதுவே.

இறைவன் படைப்பில் இவ்வேற்றுமை ஏன் இத்தனை பெருகிக் கிடக்கிறது? இதுகாறும் பெயரிடப்பட்ட குறி வகைகள் 35,000-க்கும் மேற்பட்டவை. மனிதரின் மரபணுக்களில் இவ்வளவு வேறுபாடு கொண்ட பகுதி வேறில்லை. காரணம், நோய். எல்லா மக்களும் ஒரே குறியை ஏந்தியிருந்தால், அதனை ஏமாற்றக் கற்றுக் கொண்ட ஒரே கிருமி ஊரையே வாரிச் சென்றுவிடும். குறிகள் பலவாதலின், ஒருவன் வீழ்ந்தாலும் மற்றொருவன் நிற்கிறான். மேற்கு ஆப்பிரிக்காவில் பரவியுள்ள பி53 என்ற குறி கொடிய மலேரியாவிலிருந்து குழந்தைகளைக் காக்கிறது என்று 1991-ல் தெரிந்தது. தந்தை தந்த குறியும் தாய் தந்த குறியும் வெவ்வேறாக உள்ளவர்கள் எய்ட்ஸ் கிருமியை நீண்ட நாள் எதிர்த்து நிற்கின்றனர் என்று 1999-ல் தெரிந்தது.

உயர்ந்த குறி, தாழ்ந்த குறி என்றும் ஒன்றில்லை. பி27 என்ற குறி எய்ட்ஸின் வேகத்தைத் தணிக்கிறது. அதே குறி முதுகெலும்பை இறுகச் செய்யும் வாத நோய்க்கும் வழி திறக்கிறது. பால்கன் மக்களிடமும் துருக்கியரிடமும் காணப்படும் பி51, துருக்கிய மருத்துவர் ஹுலுஸி பெஹ்செத் 1937-ல் விவரித்த, கண்ணைத் தாக்கும் கொடிய நோயோடு தொடர்புடையது. ஒரு கை கொடுப்பதை மறு கை எடுத்துக் கொள்கிறது. பெருமையடிக்க இதில் என்ன இருக்கிறது? கோத்திரங்களின் வேறுபாடு ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்று சூரத்துல் ஹுஜுராத்தில் ஓதியவர்களுக்கு இக்கருத்து புதிதாகாது. ஒருவன் வேறுபட்டிருப்பது மற்றவனுக்கு அரண்.

பெஸா

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். உடம்பு தன் சதையை இனத்தாலோ குலத்தாலோ அறிவதில்லை என்றால், 'நம்மவர்' என்பது யாரால் தீர்மானிக்கப்படுகிறது?

அல்பேனியர் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கின்றனர். 'பெஸா' என்பது அச்சொல். கொடுத்த வாக்கு, அடைக்கலம், அமானிதம் எல்லாம் அதில் அடங்கும். வாசலில் வந்து நின்றவன் விருந்தாளி. அவனுக்கு நேர்ந்த தீங்கு வீட்டுக்காரனுக்கு நேர்ந்த தீங்கு. சகோதரனைக் கொன்றவனைக் கூட மன்னிக்கலாம். விருந்தாளியைக் கொன்றவனை மன்னிக்க வழியில்லை என்கிறது, இரத்தத்தையே பேசும் அந்தக் கானூன்!

1943-ல் ஜெர்மன் படை அல்பேனியாவைக் கைப்பற்றியபோது, டிரானாவில் புகைப்படத் தொழில் பழகிக் கொண்டிருந்த 17 வயது முஸ்லிம் இளைஞர் ரெபிக் வெஸெலி. அதே நிலையத்தில் பணி செய்த மொஷே மண்டில், யூகோஸ்லாவியாவிலிருந்து தப்பி வந்த யூதர். ரெபிக் தம் பெற்றோரின் இசைவோடு, மண்டிலையும் மனைவி மக்களையும் இரவோடு இரவாக மலையூராகிய குரூயாவுக்கு அழைத்துச் சென்றார். 1944 இறுதியில் நாடு விடுதலையாகும் வரை வெஸெலி குடும்பம் அவர்களைத் தன் வீட்டில் காத்தது. பிடிபட்டிருந்தால் இரு குடும்பமும் அழிந்திருக்கும். மண்டிலின் மகன் கவ்ரா பின்னாளில் எழுதிய சாட்சியத்தால், 1987-ல் ஜெருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் இக்குடும்பத்தாரை அல்பேனியருள் முதன்முதலாகப் போற்றிச் சிறப்பித்தது. வெஸெலிகளின் குறி மண்டில்களின் குறியோடு ஒத்ததா என்று அன்று எவரும் கேட்கவில்லை.

பெஸாவைப் போற்றிய அதே மண்ணில்தான் இரத்தப் பழியும் வளர்ந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. 1990-ல் கொசோவோவில் அந்தோன் செட்டா என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர், இளைஞர்களைத் துணை கொண்டு, பகை கொண்ட வீடுகளின் கதவைத் தட்டினார். இரத்தக் கடனை மன்னியுங்கள் என்று வேண்டினார். அவ்வாண்டு மே முதல் நாளில் மக்கள் வெள்ளத்தின் முன்னே, மகனை இழந்த தந்தையர் கொன்றவன் குடும்பத்தார்க்குக் கை நீட்டினர். பல நூறு பகைகள் அந்த இயக்கத்தில் தீர்ந்தன. சதை ஆடிய திசையில் போகாமல், அதனை அடக்கி ஆண்ட மனிதர்கள் அவர்கள்.

ஆகவே நம் பழமொழி பொய்யா? இல்லை, ஆனால் அதன் பொருளைச் சற்றுத் திருத்திக் கொள்ள வேண்டும். பத்தாண்டுப் பகையை மறந்து தம்பியின் தலைமாட்டுக்கு ஓடிய அண்ணனை ஓடச் செய்தது ஆறாவது குரோமோசோம் அன்று. அது அந்தத் தம்பியோடு பொருந்தாமலே இருந்திருக்கலாம். ஒரு மடியில் கிடந்ததும், ஒரு தட்டில் உண்டதும், ஒரு தாயின் துஆவில் இருவர் பெயரும் இடம் பெற்றதுமே அவனை ஓடச் செய்தன. குறி பொருந்தாத தம்பி தம்பி அல்லாமல் போய்விடுவதில்லை. உறவு பேணுதல் இதனால் குறைவதுமில்லை. இரத்தம் தந்த சலுகையாக இருந்தது, மனமறிந்து சுமக்கும் கடமையாக உயர்கிறது.

அதே வேளையில், குறி பொருந்திய அந்நியன் ஒருவன் எங்கோ இருக்கிறான். சென்னையில் 2009 முதல் 'தாத்ரி' என்ற பதிவகம் மஜ்ஜைக் கொடையாளர்களின் குறிகளைப் பதிந்து வருகிறது. அங்கே பெயர் கொடுப்பவன் தன் கொடை எந்தக் குலத்தானுக்கு, எந்த ஊரானுக்குப் போகும் என்று அறியான், பெறுபவனும் அறியான். வாசலில் வந்து நிற்கும் முகமறியா விருந்தாளிக்குக் கதவு திறப்பது போன்றதே அதுவும்.

நம் மக்களுக்கு வரன் தேடும்போதும், அண்டை வீட்டானை எடை போடும்போதும், "அவர்கள் நம்மவரா?" என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்தக் கேள்விக்கு உடம்பிடம் விடை இல்லை. கதவு நம் கையில் இருக்கிறது.